பெட்டிக்குள் சாமிக்கு மூச்சு முட்டாதா?

சிங்கப்பூரில் சாமிகளும் வீடு மாறியிருக்கிறார்கள்.

இன்று கேலாங் ஈஸ்ட்டில் இருக்கும் ஸ்ரீ சிவன் கோயில் ஒரு காலத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டில், டோபி காட் பக்கம் இருந்தது. எம்ஆர்டி ரயில் வரப்போகிறது, அந்த இடம் வேண்டும் என்றானது. 1983இல் அங்கிருந்து கிளம்பிய சிவன், சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாகத் தங்கினார். கேலாங் ஈஸ்ட்டில் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1993இல். இடையில் பத்து ஆண்டுகள்! சோமர்செட் சாலையில் இருந்த வைராவிமட காளியம்மன் தோ பாயோவுக்குக் குடிபோனாள். செம்பாவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் கேன்பரா சாலைப் பக்கம் மரத்தடியில் கும்பிட்ட முருகன், இன்று யீஷூனில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியராக இருக்கிறார்.

வானொலிப் படைப்பாளர் என்பதால் இந்தத் தகவல்களை நான் பலமுறை ஒலிபரப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பாடல்களுக்கு நடுவே சொல்ல நல்ல துணுக்கு. நேயர்கள் ரசிப்பார்கள், அடுத்த பாடல் தொடங்கிவிடும். ஆனால் 2022 நவம்பரிலிருந்து 2024 செப்டம்பர் வரை எங்கள் குடும்பம் பெட்டிகளோடு வாழ்ந்த காலத்தில், அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றி நான் அடிக்கடி யோசித்தேன். பழைய இடம் போய்விட்டது, புதிய இடம் தயாராகவில்லை. அந்த நடுக்காலத்தில் சாமி எப்படி இருந்தார்? அவரை நம்பியவர்கள் எப்படி இருந்தார்கள்?

தெரிந்தே விற்ற வீடு

2019இல் தெங்காவில் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்தோம். 'தெங்கா' என்றால் மலாய் மொழியில் 'நடு' என்று பொருள். காடாகவும் ராணுவப் பயிற்சித் திடலாகவும் இருந்த 700 ஹெக்டர் இடத்தில் 42,000 வீடுகளோடு எழும் புதுநகரம். அப்போது மகளுக்கு இரண்டு வயது. யீஷூனில் அப்பா, அம்மாவோடு மூவறை வீட்டில் இருந்தோம். "நாலு வருசம்தானே, கண்ணை மூடித் தெறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்றார் அப்பா.

கண்ணைத் திறந்தபோது கொவிட் வந்திருந்தது. 2020 ஏப்ரலில் தீவே வீட்டுக்குள் முடங்கியது. கட்டுமானத் தளங்களில் வேலை நின்றது. மறுபடி தொடங்கியபோது ஆள் பற்றாக்குறை, பொருள் தட்டுப்பாடு. எத்தனையோ குடும்பங்களுக்கு வந்ததுபோல எங்களுக்கும் கடிதம் வந்தது. சாவி கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு தாமதமாகும். சரி, யீஷூன் வீடு இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டோம்.

2021 இறுதியில் அப்பா காலமானார். அடுத்த சில மாதங்களில் தம்பி மகனுக்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவை என்று தெரிந்தது. யீஷூன் வீடு அப்பா பெயரில் இருந்தது. ஒருநாள் மாலை அம்மா அக்காவையும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "வீட்டை வித்துடுங்க. பிள்ளைக்கு ஒதவாத வீடு எதுக்கு?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. தெங்கா சாவி 2024க்கு முன்னால் வராது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தே விற்றோம்.

விற்பதும் லேசாக நடக்கவில்லை. 1989 முதல் நடப்பில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் ஒரு வரம்பு உண்டு. எங்கள் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்ததால் சீனக் குடும்பங்கள் எங்கள் வீட்டை வாங்க முடியாது. எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்கான விதி. அதன் நியாயம் புரிகிறது. மருத்துவமனைக்குப் பணம் கட்டும் நாள் நெருங்கும்போது, வீடு பார்க்க வருகிறவர்களை விரல்விட்டு எண்ணுவது எப்படியிருக்கும் என்பதும் புரிகிறது.

ஐந்தாவது மாதம் ஒரு மலாய்க் குடும்பம் பார்க்க வந்தது. அம்மா விளக்கேற்றும் நேரம் அது. அந்த வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டு, 'முடியட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்' என்று கையைக் காட்டினார். அவர்கள் போனபின், "நல்லவங்க. கொடுத்துடலாம்" என்றார் அம்மா. விலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

விற்பனைக்குக் கையெழுத்திட்ட மூன்றாவது வாரம், அம்மாவுக்கு முதுமை மறதிநோயின் தொடக்கக் கட்டம் என்று மருத்துவர் சொன்னார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதும், அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே என்று கேட்பதும் துக்கத்தினால் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இடம் மாறினால் இப்படிப்பட்டவர்களுக்குக் குழப்பம் கூடலாம். பழகிய பொருட்கள் கண்ணில் பட வேண்டும். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் அந்தந்த நேரத்தில் நடக்க வேண்டும். "முடிந்தவரை வீட்டை மாற்றாதீர்கள்" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பாய் சுருட்டிய பெருமாள்

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. அத்தான் யோசிக்காமல் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார். கிளம்புவதற்கு முதல் நாள், சாமி மேடையிலிருந்த படங்களைத் துண்டில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து வயது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, பெட்டிக்குள்ள சாமிக்கு மூச்சு முட்டாதா?"

நாள் முழுக்க ஒலிவாங்கி முன் பேசிப் பிழைப்பவன் நான். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாதான் அவளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்னால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் கேட்ட கதைகள் அப்படியே இருந்தன.

காஞ்சிபுரத்தில் கணிகண்ணன் என்று ஒருவர், திருமழிசை ஆழ்வாரின் சீடர். அரசன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான். மாட்டேன் என்றார். 'அப்படியானால் ஊரைவிட்டுப் போ' என்றான் அரசன். சீடன் போகிற ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது திருவெஃகா கோயிலில் படுத்திருந்த பெருமாளிடம் போய், 'நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா' என்றாராம். பெருமாளும் மறுபேச்சுப் பேசாமல் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். ஊர் இருண்டது. அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். மூவரும் திரும்பினார்கள். ஆழ்வார் சொன்னபடி பெருமாள் மறுபடி படுக்கையை விரித்துப் படுத்துக்கொண்டார். அதனால்தான் அவருக்கு 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். வழியில் அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே இன்றைய ஓரிக்கை என்பார்கள்.

"பெருமாளே பாயைச் சுருட்டிக்கிட்டுப் போனாரு. நம்ம முருகன் பெட்டியில ஒரு நாள் இருக்க மாட்டாரா?" என்றார் அம்மா. மகள் யோசித்துவிட்டு, பெட்டியின் இரண்டு பக்கமும் பேனாவால் ஓட்டை போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று!

அந்தக் கதையை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். பக்தன் சொன்னால் கடவுள் கேட்பார் என்பதுதான் அதன் பொருள் என்று நினைத்திருந்தேன். அன்று வேறொன்று கண்ணில் பட்டது. பெருமாள் அந்தப் பயணத்தைத் தடுக்கவில்லை. அரசன் மனத்தை முன்கூட்டியே மாற்றி, யாரும் ஊரைவிட்டுப் போகாதபடி செய்திருக்கலாம். செய்யவில்லை. கூட நடந்தார், அவ்வளவுதான். நாங்கள் அதுவரை வேண்டிக்கொண்டிருந்தது, வீடு மாறாமல் இருக்க வேண்டும், சாவி சீக்கிரம் வர வேண்டும் என்றுதான். கூட வாருங்கள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

இரண்டு விளக்கு

அக்கா வீட்டுச் சமையலறைப் பக்கம் ஏற்கெனவே ஒரு சாமி மேடை இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு விளக்கு வைக்கலாமா என்று உறவில் ஒருவர் கேட்டார். "சாமிக்கு என்ன, ரெண்டு ரூம்பா எடுத்துக்கட்டும்" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே சுவரில் சின்னத் தட்டு ஒன்றை அடித்தோம். யீஷூன் வீட்டில் இருந்த அதே வரிசையில் படங்கள், அதே பித்தளை விளக்கு, நசுங்கிய விபூதிச் சம்புடம். நாள் தவறாமல் மாலை 7 மணிக்கு விளக்கு.

இதைச் செய்யும்போது எங்களுக்குப் பெரிய தத்துவம் எதுவும் தெரியாது. மருத்துவர் சொன்னதைச் செய்தோம், அவ்வளவே. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது குருக்களிடம் பேச்சுவாக்கில் எங்கள் நிலைமையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க பாலாலயத்துல இருக்கீங்க" என்றார்.

கோயிலைப் புதுப்பிக்கும்போது மூலவரை என்ன செய்வார்கள் என்று அவர் விளக்கினார். மந்திரங்களால் தெய்வ சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து ஒரு படத்துக்கோ அத்திமரப் பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றி, சின்ன இடத்தில் வைப்பார்கள். அதுதான் பாலாலயம். திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடக்கும்வரை பூசை அங்கேதான். பெரிய திருவிழாக்கள் இருக்காது. ஆனால் அன்றாடப் பூசை நிற்காது. காலையில் அபிஷேகம், நைவேத்தியம், மாலையில் தீபாராதனை எல்லாம் உண்டு. "தற்காலிகம்னு சொல்லி யாரும் சாமியைப் பட்டினி போடறதில்லை" என்றார் குருக்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பாலர் பள்ளி ஆசிரியை அவர், எதையும் காரியமாக மாற்றிவிடுவார். அதுவரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது: புது வீட்டுக்குப் போனதும் பார்க்கலாம். மகளின் பிறந்தநாள், நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது, நிறுத்தி வைத்திருந்த அவளுடைய பரதநாட்டிய வகுப்பு எல்லாம் தெங்காவில் காத்திருந்தன. அந்த வாரமே நடன வகுப்பில் சேர்த்தோம். பிறந்தநாளை அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் பிரியாணியோடு கொண்டாடினோம். வாழ்க்கையை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தோம் என்று சொல்லலாம்.

முருகன் பார்க்க வேண்டியது

நம்பிக்கை என்று சொல்வது சுலபம். இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும்போது அதை எங்கே வைத்துக்கொள்வது?

2023இல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அக்கா மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். அவனுக்கு அறை வேண்டும். அந்த ஆண்டுதான் மகளைத் தொடக்கநிலை 1க்குப் பதிய வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியில் முன்னுரிமை உண்டு. ஆனால் எது எங்கள் வீடு? தம்பி மகனுக்கு முதல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது வேண்டும் என்றார்கள். வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று.

மனைவி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் 'நாம் பார்க்க வேண்டியது'. மறுபக்கம் 'முருகன் பார்க்க வேண்டியது'. லாரி ஏற்பாடு, வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பது, பள்ளிப் பதிவுக்கான ஆவணங்கள், மின்கட்டணக் கணக்கை மாற்றுவது, அம்மாவின் மாத்திரைப் பட்டியலைப் புது மருந்தகத்தில் கொடுப்பது எல்லாம் இடப்பக்கம். சாவி தேதி, தம்பி மகனின் உடம்பு, அம்மாவின் ஞாபகம் வலப்பக்கம். தாளைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினார். வலப்பக்கத்தில் இருப்பதைப் பற்றி ராத்திரியில் பேசக் கூடாது என்பது விதி. "அது உங்க இலாகா இல்லை" என்பார்.

இதைக் கேட்டு ஒரு சக ஊழியர், "பொறுப்பைச் சாமி தலையில் கட்டுகிறீர்களா?" என்றார். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறு. வலப்பக்கத்தைப் பற்றிப் பேசாமல் விட்ட பிறகுதான் இடப்பக்கத்து வேலைகள் ஒழுங்காக நடந்தன. அதுவரை எங்கள் சக்தியெல்லாம் நம் கையில் இல்லாதவற்றைப் பற்றிக் கணக்குப் போடுவதிலேயே போய்க்கொண்டிருந்தது.

சுவா சூ காங்கில் வாடகை வீடு கிடைத்தது. ஒப்பந்தம் தொடங்கும் நாள் ஆகஸ்ட் முதல் வாரம். நடு ஆடி! கோலாலம்பூர் சித்தியிலிருந்து ஈப்போ மாமா வரை தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார்கள். ஆடியில் குடிபோனால் ஆகாது என்றார்கள். மறுபடியும் குருக்களிடம் ஓடினேன். "புதுமனை புகுவிழாவுக்குத்தான் மாசம் பார்ப்பது. வாடகை வீட்டுக்கு நல்ல நாள், நல்ல நேரம் பார்த்தால் போதும். அதோட ஆடி அம்மன் மாசம். ஆடியில உங்க வீட்டுக்கு வரமாட்டேன்னு அவ சொல்வாளா?" என்றார். நல்ல நேரம் பார்த்து, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஆகியவற்றோடு போய் இறங்கினோம்.

வாசனை அறிந்தவர்

எல்லாம் நல்லபடியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். புது இடம் ஒவ்வொன்றும் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடமிருந்து எடுத்துப் போனது. இரவில் எழுந்து, யீஷூன் வீட்டில் கழிவறை இருந்த திசையில் நடந்து சுவரில் மோதிக்கொள்வார். மாலை நெருங்கும்போது கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகலாமா? விளக்கு வைக்கணும்" என்பார். இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் வரும்.

ஆனால் 7 மணிக்கு விளக்கேற்றியதும் பேச்சு நின்றுவிடும். எண்ணெய் வாசனை, ஊதுவத்தி, விபூதி. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாட்களில் எனக்கு ஸ்ரீரங்கத்துக் கதை ஒன்று துணையாக இருந்தது. 1323இல் படையெடுப்புக்கு அஞ்சி, அழகிய மணவாளப் பெருமாளின் உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு அடியார்கள் ஸ்ரீரங்கத்தைவிட்டு வெளியேறினார்கள். ஊர் ஊராக, காடு மலையெல்லாம் அலைந்து, மூர்த்தி திரும்பி வந்தது 1371இல். 48 ஆண்டுகள்! அவரைத் தூக்கிப் போனவர்களில் பலர் இல்லை. கோயிலில் வேறொரு மூர்த்தியை வைத்து வழிபட்டுவந்தார்கள். எது பழைய மூர்த்தி என்று சொல்ல ஆளில்லை. அப்போது ஒரு முதிய சலவைத் தொழிலாளி முன்வந்தாராம். கண்பார்வை போய்விட்டது. பழைய நாளில் பெருமாளின் திருமஞ்சன ஆடையைத் துவைத்தவர். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த நீரை அவரிடம் கொடுத்தார்கள். அந்த நீரைக் கொண்டே, இவர்தான் நம் பெருமாள் என்று அவர் அடையாளம் சொன்னார். அன்றிலிருந்துதான் 'நம்பெருமாள்' என்ற பெயர் நிலைத்தது என்கிறது வைணவ மரபு.

கண் தெரியாதவருக்கு அது தெரிந்தது. அம்மாவுக்கு முகவரி தெரியாது, எந்த மாடி என்று தெரியாது, சில நாள் என் பெயர்கூடத் தெரியாது. விளக்கு தெரிகிறது.

எல்லார் கதையிலும் ஒரு பயணம்

ஒருநாள் காலை நிகழ்ச்சியில், புது வீட்டுக்குள் முதலில் எதைக் கொண்டுபோனீர்கள் என்று நேயர்களைக் கேட்டோம். அரை மணி நேரத்துக்கு ஒதுக்கிய அங்கம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. உப்பு ஜாடி, மாமியாரின் ஆட்டுக்கல், மறைந்த கணவரின் படம். கிறிஸ்தவ நேயர் ஒருவர் வேதாகமம் என்றார். வேலை மாற்றத்தால் கைக்குழந்தையோடு சிங்கப்பூர் வந்திறங்கியபோது, எங்கே போகிறோம் என்று தெரியாமலே புறப்பட்ட ஆபிரகாமைத்தான் நினைத்துக்கொண்டாராம். தமிழ் முஸ்லிம் நேயர் ஒருவர், நபிகள் நாயகம் மதீனாவுக்குள் நுழைந்தபோது ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் தங்கும்படி அழைத்ததையும், அவர் தம் ஒட்டகத்தை அதன் போக்கில் விட்டுவிட்டதையும், அது சென்று அமர்ந்த இடத்தில் பள்ளிவாசல் எழுந்ததையும் சொன்னார். 

நம் எல்லாச் சமயங்களும் வீடு மாறியவர்களின் கதையைச் சொல்கின்றன என்பது அன்று புரிந்தது. அந்தக் கதைகள் எதிலும், போகிற இடத்தின் முகவரி முதலிலேயே யார் கையிலும் இல்லை.

தெங்காவில் பால் காய்ச்சியபோது

2024 ஜூனில் சாவி கிடைத்தது. உட்புற வேலைகள் முடிந்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் கணபதி ஹோமத்தோடு குடிபுகுந்தோம். 2018 ஜூனிலிருந்து புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். புகை எழும்பிய சில நிமிடங்களில் அது வீடே அதிரும்படி அலறத் தொடங்கியது. அத்தான் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினார். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதி பதறிக்கொண்டு வந்து, பால் காய்ச்சுவதைப் பார்த்துச் சிரித்து, பாயசமும் சாப்பிட்டுப் போனார்கள். தம்பி மகன் அத்தனை களேபரத்திலும் பெட்டிகள் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது சிகிச்சை முடிந்து அவன் பள்ளிக்குத் திரும்பியிருந்தான். அந்தத் தாளின் வலப்பக்கத்தில் இருந்த மூன்றில் இரண்டு நடந்துவிட்டன.

மூன்றாவது நடக்கவில்லை. தெங்கா வீட்டிலும் அம்மா மாலையில் கைப்பையை எடுத்து வைத்துக்கொள்கிறார். யீஷூனில் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாக மறந்திருக்க மாட்டாரோ என்ற கேள்வி எனக்கு இல்லாமல் இல்லை. அதற்கு எந்த மருத்துவரும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பேரனுக்காக வீட்டைக் கொடுத்தவர் அம்மா. அந்த முடிவை எடுத்தபோது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. அதை மதிப்பது எங்கள் கடமை.

கடவுளை நம்பினால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் எழுத மாட்டேன். மூன்றில் இரண்டு நடந்ததற்காக நம்பவும் இல்லை, ஒன்று நடக்காததற்காக விடவும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது, அந்த இருபத்திரண்டு மாதங்களும் வீணாகிப்போகாத ஒரு வாழ்க்கை. மகள் ஆடக் கற்றுக்கொண்டாள். அக்கா பிள்ளைகளும் அவளும் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஆனார்கள். அம்மா தன் கதைகளில் பாதியைப் பேத்திக்குச் சொல்லிவிட்டார். இவை எதுவும் புது வீட்டில் காத்திருந்தவை அல்ல. நடுவழியில் கிடைத்தவை.

அடுத்த சில மாதங்களில் வீடு மாறப்போகும் குடும்பங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். சிலர் சாவிக்காக, சிலர் விசாவுக்காக, சிலர் வேலை உறுதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கலாம். உங்கள் கடவுள் யாராக இருந்தாலும், எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து ஒரு சின்ன யோசனை. சாமிப் பெட்டியைக் கடைசியாகக் கட்டுங்கள், முதலில் பிரியுங்கள். லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், இரண்டு பக்கமும் ஓட்டை போடச் சொல்லுங்கள்.